காது மடித்த டேப்

மார்ச் 2, ஞாயிறு

ஆயில் கம்பெனிக்காரர்கள் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி இது. இரண்டு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று ஒரு வண்டிக்காக எடுத்திருக்கிறேன். சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு எழுதுகிற மாதிரியே ஆரம்பிக்கிறேன். எனக்குத் தெரிந்த எழுத்து அதுதான்.

வண்டி: வெள்ளைக் கார், ஆட்டோமேட்டிக் கியர், 2005 மார்ச்.
ஓடியது: 4,12,306 கி.மீ.
உரிமையாளர்: சவரிமுத்து, திண்டுக்கல்.
புகார்: க்ரூஸ் வேலை செய்யவில்லை.
காரணம்:

காரணக் கட்டத்தைக் கடைசியில்தான் நிரப்ப வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே எழுதுகிறவன் மெக்கானிக் இல்லை.

உரிமையாளர் என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதியிருக்கிறேன். பதினேழு வருஷம் இந்த வண்டியை அப்பாதான் ஓட்டினார். வண்டி தோல் பதனிடும் ஷாப் முதலாளியுடையது. மூன்று வருஷத்துக்கு முன் முதலாளி செத்துப்போனார். அவர் மகன் புது வண்டி வாங்கினான், புது டிரைவரும் வைத்தான். "சும்மாதான நிக்குது, நீயே வச்சுக்க சவரி" என்று இந்தச் சாவியை அப்பாவிடம் நீட்டினான். யாரும் வாங்காத வண்டி அது. அப்பா சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவனுக்கு அப்பாவைவிட இருபத்தைந்து வயது குறைவு.

இந்த மாதம் முப்பத்தொன்றோடு ஆர்.சி. முடிகிறது. அடித்தட்டு முழுக்கத் துரு. புதுப்பிக்கப் போனால் எந்த ஆபீஸரும் கையெழுத்துப் போட மாட்டார். ஏப்ரல் ஒன்றாம் தேதி பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

நேற்று சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "போறதுக்குள்ள ஒரு தடவை திருச்சி ரோட்டுல ஓட்டிப் பாத்தா நல்லாருக்கும்." சொல்லிவிட்டு உடனே ரசம் கேட்டார். அந்தப் பேச்சை அதோடு முடித்துவிடப் பார்த்தார்.

அவர் ஓட்டிய லட்சக்கணக்கான கிலோமீட்டரில் ஒன்றுகூட அவருக்காக ஓட்டியதில்லை. இப்போது ஓட்ட ஆசைப்படுகிறார், முட்டி விடவில்லை. வலது முட்டி. பிரேக் மிதிப்பது அவருக்குச் சிரமம் இல்லை, அது ஒரு நொடி வேலை. ஆக்ஸிலேட்டரில் பாதத்தை ஒரே நிலையில் வைத்திருக்க வேண்டும், அதுதான் முடியவில்லை. பத்து நிமிஷத்தில் முகம் வெளுத்துவிடுகிறது. நான் ஓட்டி அவரைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். ஆனால் அவர் கேட்டது அது இல்லை.

இந்த வண்டியில் க்ரூஸ் உண்டு. ஸ்டீயரிங்கில் ஒரு பட்டன். எண்பதில் போகும்போது அழுத்தினால், காலை எடுத்தாலும் வண்டி எண்பதிலேயே போகும். பிரேக்கைத் தொட்டால் விட்டுவிடும். அது ஓடினால் அப்பா திருச்சி வரைகூடப் போகலாம். எனக்குத் தெரிந்து அது ஓடியதே இல்லை.

எனக்கு லீவு ஞாயிறு மட்டும். இன்னும் நாலு ஞாயிறு.

மார்ச் 5, சாம்பல் புதன்

காலையில் கோயிலுக்குப் போய்ச் சாம்பல் பூசிக்கொண்டு அப்படியே வேலைக்குப் போனேன். சூப்பர்வைசர் தயாளன் சார் நெற்றியைப் பார்த்தார். "கஸ்டமர் கிரீஸ்னு நினைச்சுக்கப் போறாங்க, துடைச்சுக்கம்மா" என்றார். கிரீஸ் என் நெற்றியில் வருவதற்கு முதலில் என்னை வண்டியைத் தொட விட வேண்டும். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டு இரண்டு வருஷமாக முன் மேஜையில் உட்கார்ந்து "சார், டீ சாப்பிடுறீங்களா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் என்னை உள்ளே கூப்பிடுவார்கள். ஒரு மாடல் காரில் பேட்டரி மாற்றினால் ஸ்டீயரிங் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதை அணைக்க மற்றவர்கள் ஸ்கேனரை மாட்டி அரை மணி நேரம் போராடுவார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து இரண்டு நிமிஷத்தில் அணைத்துவிடுவேன். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் எத்தனை தடவை திருப்ப வேண்டும், சாவியை எப்போது எடுக்க வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறது. நானே கண்டுபிடித்தது. "டெய்சியக் கூப்பிடு" என்று யாராவது கத்தினால் அதற்காகத்தான்.

எலக்ட்ரீஷியன் கனி பாய் மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பார்: "அந்த வித்தைய எனக்காவது சொல்லேம்மா."

"போங்க பாய்."

சாயங்காலம் அப்பாவுக்கு முட்டியில் வலிப் பிளாஸ்திரி ஒட்டினேன். ரோலைக் கையில் எடுத்ததுமே முனை கிடைத்தது. அப்பா கை பட்ட ரோல். எந்த டேப்பாக இருந்தாலும் வெட்டிய பிறகு முனையைக் கால் அங்குலம் உள்ளே மடித்துவைப்பார். அதற்குப் பெயர் காது. "அடுத்து எடுக்கிறவன் நகத்தால சொரண்டிக்கிட்டு நிக்கக் கூடாது பாரு." பள்ளிக்கூடத்தில் என் நோட்டு அட்டைகளில் எல்லாம் அந்தக் காது இருக்கும். டீச்சர் ஒருமுறை "உங்க வீட்டு டேப்புக்கு மட்டும் என்ன கம்மலா மாட்டப் போறீங்க" என்று கேட்டார்.

டாக்டர் போன மாதம் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "இடது முட்டி நல்லா இருக்கு, வலதுதான் போச்சு. சின்ன வயசுல ஃபுட்பால் ஆடினீங்களா?" என்றார். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார். ஆட்டோமேட்டிக் வண்டியில் இடது காலுக்கு வேலை கிடையாது என்பதை டாக்டருக்கு நான்தான் சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

கனி பாய் பேகம்பூரிலிருந்து மொபெட்டில் வந்தார். நோன்பு வைத்திருக்கிறார். தண்ணீர்கூடக் கொடுக்க முடியவில்லை என்று அம்மாவுக்குக் கவலை.

எங்கள் தெருவுக்குள் கார் நுழையாது. தெருமுனையில் கோயில் காம்பவுண்டு ஓரமாகத் தார்ப்பாய் போட்டு நிறுத்தியிருக்கிறோம். தார்ப்பாயை எடுத்ததும் பாய் சுற்றி வந்து பார்த்தார். "ராஜா வீட்டுக் குதிர, டெய்சிம்மா. குளம்பெல்லாம் துரு."

பார்த்தவை:

ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. பட்டனை அழுத்தினால் டாஷ்போர்டில் பச்சை விளக்கு வருகிறது. ஹாரன் அடிக்கிறது. ஹாரனுக்கும் க்ரூஸுக்கும் ஸ்டீயரிங்குக்குள் ஒரே ஒயர் நாடாதான் போகிறது. ஹாரன் அடித்தால் நாடா அறவில்லை. ஸ்பீடோமீட்டர் முள் சரியாக ஏறுகிறது, அதனால் வேகக் கணக்கு வண்டியின் கம்ப்யூட்டருக்குப் போகிறது.

எல்லாம் சரி. ஆனால் ஓடும்போது வேகத்தைப் பிடித்துவைக்கும் செட் பட்டனை அழுத்தினால் ஒன்றுமில்லை. பைபாஸில் மூன்று முறை பார்த்தேன்.

அப்பா கல்யாண மண்டபத்திலிருந்து வந்தார். அங்கேதான் இப்போது வேலை, வருகிற கார்களை வரிசையில் நிறுத்தச் சொல்லிக் கை காட்டுவது. உடம்பில் சொந்தமாக இருந்த முட்டியையும் கொடுத்த பிறகும் அடுத்தவன் காருக்குத்தான் கை காட்டுகிறார். காரின் பக்கத்தில் வந்து நின்று, "அது பொறந்ததுலருந்தே ஓடாது பாப்பா. விட்ரு" என்றார்.

"ஓட வைக்காம விட்டா இவ தூங்க மாட்டா, சவரியண்ணே" என்றார் பாய்.

ஹாரனைச் சோதிக்க நான் இரண்டு முறை குட்டியாக அடித்தேன். வீட்டுக்குள் இருந்து அம்மா "வந்துட்டேன்" என்று பதில் கொடுத்தாள். கொடுத்தபிறகு அவளே சிரித்தாள். சின்ன வயதில் அப்பா வெளியூர்ப் பயணம் முடிந்து முதலாளியை வீட்டில் விட்டுவிட்டு வண்டியைக் கழுவக் கொண்டுபோகிற வழியில் எங்கள் தெருமுனையில் இப்படித்தான் இரண்டு முறை அடிப்பார். நானும் அம்மாவும் ஓடுவோம். ஜன்னல் வழியாக ஒரு ஹோட்டல் சோப்போ, சீப்போ, சோம்புப் பொட்டலமோ வரும். ஊட்டி, கொச்சி, மெட்ராஸ் எல்லாம் எனக்கு முதலில் சோப்பு வாசனையாகத்தான் தெரியும்.

மார்ச் 11, செவ்வாய்

வேலை. டீ, நாற்பத்திரண்டு பேருக்கு.

மார்ச் 16, ஞாயிறு

இந்தப் பழைய வண்டிகளில் க்ரூஸ் காற்றை உறிஞ்சித்தான் ஆக்ஸிலேட்டரை இழுக்கும். இன்ஜின் பக்கத்தில் ஒரு ரப்பர்க் கிண்ணம், அதற்கு ஒரு சின்னக் குழாய். ரப்பர் விரிசல் விட்டிருந்தால் இழுக்காது. குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடித்தேன். நாக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிஷம் ஆகியும் விடவில்லை. ரப்பரும் நன்றாக இருக்கிறது. இருபது வருஷ ரப்பர், புதுசு போல. அதிகம் வேலை செய்யாத ரப்பர்.

பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள மூன்றாவது பிரேக் பல்பு ஃபியூஸ். மாற்றினேன். அதனால் பயன் இல்லை.

பல்பு மாற்றப் பின் சீட்டில் மண்டியிட்டபோது அந்தத் தோல் வாசனை. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்று இந்த சீட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்பது வயது. முதலாளி அன்றைக்கு ஒரு மணி நேரம் வண்டியை எடுத்துக்கச் சொல்லியிருந்தார். அழுக்காகக் கூடாது என்று சீட்டின் மேல் பிளாஸ்டிக் விரித்திருந்தார்கள். வெள்ளை கவுன், தலையில் பூ முடி, கையில் மெழுகுவத்தி. உட்கார்ந்தால் பிளாஸ்டிக் சரசரவென்று சத்தம் போட்டது. அப்பா வெள்ளை யூனிஃபார்மில் ஓட்டினார். கோயில் வாசலில் இறங்கிச் சுற்றி வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார், முதலாளிக்குத் திறக்கிற மாதிரியே லேசாகக் குனிந்து. தெருவே பார்த்தது. எனக்கு இளவரசி மாதிரி இருந்தது.

ரொம்ப நாள் அதுதான் என் வாழ்க்கையின் சிறந்த நாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் குனிவு மட்டும்தான் நினைவில் வருகிறது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அவள் அப்பாவே குனிகிறார். அதற்கு நான் சிரித்துக்கொண்டு கையாட்டியிருக்கிறேன்.

ஆனாலும் அந்த பிளாஸ்டிக் சத்தம் கேட்க ஆசையாக இருக்கிறது. இரண்டும் உண்மைதான்.

மார்ச் 19, புதன்

இன்று சூசையப்பர் திருநாள். உழைப்பாளிகளின் பாதுகாவலர் என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். அப்பா அதைக் கேட்டுவிட்டு வந்து முதலாளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நடு ராத்திரியானாலும் டிரைவருக்குச் சாப்பாடு சொல்லாமல் முதலாளி தூங்கப் போக மாட்டாராம். முதலாளிக்கு முறுக்கு என்றால் அப்படிப் பிடிக்குமாம். "மனுசன்னா மனுசன்."

எனக்குத் தாங்கவில்லை. "சாப்பாடு எங்க போட்டாங்க? ஹோட்டலுக்குப் பின்னாடி, பாத்திரம் கழுவுற இடத்துல. அதயும் சேத்துச் சொல்லுப்பா."

"சோறு சோறுதான பாப்பா."

"உன் முட்டி?"

"அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?"

"க்ரூஸ ரிப்பேர் பண்ணிக் குடுத்திருக்கலாம்ல. பதினேழு வருஷம் கெட்டுப்போன வண்டியில ஓட்ட விட்டாரே, மனுசன்."

"அதான் ஆரம்பத்துலருந்தே ஓடாதுன்னு சொன்னேன்ல."

அடுப்படியில் இருந்து அம்மா: "ஏன், மொதல்ல ஓடுச்சே? மெட்ராஸுக்குப் போயிட்டு வந்து, காலை ஆட்டிக்கிட்டே போனேன் லூர்துன்னு எங்கிட்ட நீதான சொன்ன?"

அப்பா தண்ணீர் கேட்டார். அம்மா சொம்பைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மண்டபத்துக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கு ஷிஃப்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அம்மா சொன்னது சரியென்றால் க்ரூஸ் ஓடியிருக்கிறது, பிறகு நின்றிருக்கிறது. ஓடி நின்றது என்றால் கண்டுபிடிக்க முடியும். நல்ல செய்தி.

மார்ச் 23, ஞாயிறு

கிடைத்துவிட்டது.

பிரேக் பெடலுக்கு மேலே உள்ளுக்குள் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. அதற்கு இரண்டு வேலை. பெடலை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கை எரிய வைக்கும், அதே நேரம் க்ரூஸை விடுவிக்கும். விளக்கு எரிகிறதே என்று அந்த ஸ்விட்சை நான் இத்தனை நாள் பார்க்காமல் விட்டேன். என் தவறு. பாதி வேலை செய்கிறவனை முழு நல்லவன் என்று நம்பிவிட்டேன்.

டிரைவர் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, தலையைப் பெடலுக்கடியில் கொடுத்து மல்லாந்து படுத்தேன். கால் இரண்டும் சீட்டின் தலைமாட்டில். தெருப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார்கள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தேன். ஸ்விட்சில் நாலு ஒயர். இரண்டு விளக்குக்கு, இரண்டு க்ரூஸுக்கு. மூன்றாவது நன்றாக இருக்கிறது. நாலாவது அறுந்திருக்கிறது.

தானாக அறுந்ததில்லை. பிளேடால் நேராக அறுத்தது. இரண்டு முனையையும் தனித்தனியாக மடக்கி, கறுப்பு டேப் சுற்றி, பக்கத்து ஒயர்க் கட்டோடு செருகி வைத்திருக்கிறார்கள். அவசரமில்லாத வேலை. டேப் இருபது வருஷமாகியும் பிரியவில்லை. நான் நகத்தால் சுரண்டவே வேண்டியிருக்கவில்லை, முனை மடிந்திருந்தது, பிடித்து இழுத்ததும் வந்துவிட்டது.

முதலாளிதான். வேறு யார்? சம்பளம் கொடுக்கிறவனுக்கு டிரைவரின் கால் சும்மா இருப்பது பொறுக்கவில்லை. எவனோ மெக்கானிக்கைக் கூப்பிட்டு அறுக்கச் சொல்லியிருப்பார். இந்த ஊரில் காசு இருக்கிறவர்கள் இப்படித்தான். வாட்ச்மேனுக்கு நாற்காலி போட மாட்டார்கள், துணிக்கடைப் பெண்ணை உட்கார விட மாட்டார்கள். உட்கார்ந்தால் வேலை செய்யாத மாதிரி இருக்குமாம். இவர் ஒரு படி மேலே போய் ஒயரையே அறுத்திருக்கிறார். இந்த மனுஷன் ஆத்துமா இளைப்பாறத்தான் அப்பா வருஷா வருஷம் பூசைக்குப் பணம் கொடுக்கிறார்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 24, திங்கள்

சர்வீஸ் சென்டரில் இருக்கிற டேப் உருளைகளை எல்லாம் இன்று எடுத்துப் பார்த்தேன். பதினோரு உருளை. ஒருவரும் முனையை மடிப்பதில்லை.

மார்ச் 26, புதன்

மத்தியானம் பெர்மிஷன் போட்டுவிட்டு அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். முகூர்த்தம் இல்லாத நாள். கேட்டருகே பிளாஸ்டிக் ஸ்டூலில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு செங்கல்லின் மேல் உட்கார்ந்தேன். புளிச்சாதத்தை ஒரு வாய் எடுத்தபிறகு அவரே கேட்டார்.

"ஒயரைப் பாத்துட்டியா?"

"ம்."

"டேப்பு இன்னும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு. காதோட."

அப்பா சிரித்தார். திருடிய மாம்பழத்தோடு மாட்டிய மாதிரி ஒரு சிரிப்பு.

பிறகு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"புது வண்டி. மொத மெட்ராஸ் பயணம். திண்டிவனம் தாண்டி முதலாளி, அந்தப் பட்டன அமுக்கிப் பாரு சவரின்னாரு. அமுக்கினேன். காலை எடுத்தேன். வண்டி அதும்பாட்டுக்குப் போகுது. வலது கால் சும்மா இருக்கு பாப்பா. லாரியில கிளியா, அதான் கிளீனரா, ஏறி வண்டி பழகின நாள்லருந்து அந்தக் கால் சும்மா இருந்ததே இல்ல. ஆட்டிப் பாத்தேன். வெரல நீட்டி மடக்கினேன். மதுராந்தகம் ஏரி வந்துச்சு. எத்தன தடவ போயிருக்கேன், அன்னைக்குத்தான் அதுல தண்ணி இருக்கிறதே தெரிஞ்சுது. அம்புட்டு சந்தோசம். பின்னாடி இருந்து முதலாளி பாத்துக்கிட்டே வந்தாரு. செங்கல்பட்டு வரைக்கும் ஒண்ணும் பேசல. அப்புறம், 'என்ன சவரி, வண்டியே ஓட்டிக்குது. இனி ஒனக்கு என்ன வேலை?'ன்னாரு. சிரிச்சுக்கிட்டுதான் சொன்னாரு."

"சும்மா வெளையாட்டுக்கு."

"வெளையாட்டுக்குத்தான். எனக்குத் தெரியாதா. ஆனா எனக்குச் சோறு எறங்கல. ஒனக்கு நாலு வயசு. அம்மா அப்ப ஆஸ்பத்திரியும் வீடுமா இருக்கா. தி. நகர்ல அவங்க எல்லாம் நகைக்கடைக்குள்ள போனாங்க, மூணு மணி நேரம் ஆகும். பொட்டிக்கடையில ஒரு பிளேடு வாங்கினேன். டேப்பு டிக்கியில இருந்துச்சு. அஞ்சே நிமிசம். திரும்பி வரையில, கெட்டுப்போச்சுங்க, நம்ம ஊரு ரோட்டுக்கு இது ஆகாதுன்னேன். அடடான்னாரு. ரெண்டு தடவ ரிப்பேர் பண்ணச் சொன்னாரு. ஸ்பேர் கெடைக்கலன்னேன். அப்புறம் அவரே, போகட்டும் சவரி, நீ ஓட்டினாத்தான் தூக்கம் வருதுன்னுட்டாரு."

"அப்ப அவரு உன்ன நிறுத்தியிருக்கவே மாட்டாரு."

"மாட்டாருதான். இப்பத் தெரியுது."

"பின்ன ஏன்ப்பா டேப்ப மடிச்ச?"

அப்பா டிபன் பாக்ஸை மூடினார். "சேத்து வச்சுரலாம்னுதான். அடுத்த வாரம், அடுத்த மாசம், நம்ம மேல நம்பிக்கை வந்த பெறகு. நாளாயிருச்சு."

ஒரு கார் வந்தது. அப்பா ஸ்டூலைப் பிடித்து எழுந்து கை காட்டப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியை இந்த டைரியில் திட்டியிருக்கிறேன். அதை அடிக்கப் போவதில்லை. ஒருவர் சிரித்துச் சொன்ன ஒரு வரிக்கு இன்னொருவர் ஒரு முட்டியைக் கொடுக்கிற ஏற்பாடு என்றால், அதில் சிரித்தவரைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் திட்டியபோது இருந்த சுகம் இப்போது இல்லை.

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "காலை ஆட்டினது மட்டும் சொன்னேன். அறுத்தத சொல்லல. மொதப் பாதிதான சந்தோசமான சேதி."

மார்ச் 29, சனி

வேலை முடிந்து வெளிச்சம் இருக்கும்போதே ஒயரைச் சேர்த்தேன். இரண்டு முனையையும் சீவினேன். இருபது வருஷம் டேப்புக்குள் இருந்ததால் உள்ளே செம்பு பளபளவென்று இருந்தது. முறுக்கி, பற்றவைத்து, மேலே டேப் சுற்றினேன். சுற்றி முடித்ததும் கை தானாக முனையை மடித்துவிட்டது. பிரித்து, மடிக்காமல் மறுபடி அழுத்தி ஒட்டினேன். இனி யாரும் இதை அவிழ்க்க வேண்டாம்.

தனியாகப் பைபாஸில் போய்ப் பார்த்தேன். எழுபதில் செட் அழுத்தினேன். ஆக்ஸிலேட்டர் பெடல் தானே லேசாக இறங்கி நின்றது, கண்ணுக்குத் தெரியாத யாரோ கால் வைத்த மாதிரி. பிரேக்கைத் தொட்டேன், விட்டது. பத்து முறை செய்தேன். பத்தும் சரி.

காரணக் கட்டத்தை நிரப்பலாம் என்று உட்கார்ந்தேன். எங்கள் ஜாப் கார்டில் காரணத்துக்கு நாலு எண் உண்டு. 1 தேய்மானம். 2 விபத்து. 3 தவறான பயன்பாடு. 4 தயாரிப்புக் குறை. நாலில் எதுவும் பொருந்தவில்லை. விட்டுவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

முதல் பூசை முடிந்து கிளம்பினோம். அப்பா வெள்ளைச் சட்டை வெள்ளைப் பேண்டில் வந்து நின்றார். அம்மா ஒரே பார்வையில், "போயி கட்டம் போட்ட சட்டையப் போட்டுட்டு வா. யாரு வீட்டுக்கு வேலைக்குப் போற?" என்றாள். மாற்றிவிட்டு வந்தார்.

நான் முன்னால். அம்மா பின்னால் இடது பக்கம், முதலாளி உட்காருகிற இடத்தில். உட்கார்ந்து இரண்டு முறை குலுக்கிப் பார்த்தாள். "இதுலயா பதினேழு வருசம் தூங்கினாரு? பஞ்சு நல்லாத்தான் இருக்கு."

வடமதுரை வரை அப்பா காலாலேயே ஓட்டினார். உதட்டைக் கடிக்க ஆரம்பித்தார். அய்யலூர் தாண்டி ரோடு காலியானதும், "இப்ப அமுக்குப்பா" என்றேன். எண்பது. அழுத்தினார். பெடல் நின்றது. காலை எடுத்தார்.

எடுத்த காலை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அது தானாகப் பிரேக் மேல் போய் உட்கார்ந்தது. க்ரூஸ் விட்டது. மறுபடி அழுத்தினார். மறுபடி கால் பிரேக்குக்கே போனது. மூன்றாவது முறையும்.

"இவ்வளவு பாடுபட்டு ஒயரச் சேத்தேன்" என்றேன்.

"கால் கேக்க மாட்டேங்குது பாப்பா. சும்மா இருன்னா அதுக்குப் புரியல."

பின்னாலிருந்து அம்மா குரலைத் தடிமனாக்கிக்கொண்டு, "சவரி" என்றாள். முதலாளி கூப்பிடுகிற மாதிரியே. அப்பா நிமிர்ந்துவிட்டார். "சவரி, செருப்பக் கழட்டு. காலை சீட்டுக்குப் பக்கமா இழுத்து வச்சுக்க. பஸ்ஸுல உக்காந்து போறோம்னு நெனச்சுக்க. ஒனக்கு இன்னைக்கு வேலை இல்ல."

அப்பா சிரித்ததில் வண்டி ஒரு பக்கம் ஆடியது. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றிக் காலால் ஓரமாகத் தள்ளினார். நாலாவது முறை அழுத்தினார். பாதத்தை இழுத்துச் சீட்டோரம் வைத்தார். அது அங்கேயே இருந்தது.

 வையம்பட்டி வரை நான் ரோட்டைப் பார்க்காமல் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். முதலில் விரல்கள் விறைத்துக்கொண்டு இருந்தன. பிறகு கட்டைவிரல் மெதுவாக ஆடியது. பிறகு ஐந்தும். ஏதோ பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி. ரேடியோ ஓடவில்லை.

"அந்தப் பாறையப் பாரு. யானை படுத்திருக்க மாதிரி இல்ல? இது எப்ப வந்துச்சு?"

"மலை எப்பப்பா புதுசா வரும்?"

"நான் பாத்ததே இல்லயே."

மணப்பாறையில் டிபனுக்கு நிறுத்தினார். ஹோட்டல் வாசலைத் தாண்டி, சுற்றிக்கொண்டு பின்பக்கம் டிரைவர்கள் நிறுத்துகிற இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோனார். கையே அப்படித்தான் திரும்பியது.  அவரே நிறுத்தி, ரிவர்ஸ் எடுத்து, முன்னால் வாசலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தோம். அவர் இரண்டு முறை எழுந்து ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார்.

திரும்பும்போதும் அவரே ஓட்டினார். கதவைப் பிடிக்காமல் இறங்கினார் என்று எழுதினால் பொய். பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். ஆனால் முகம் வெளுக்கவில்லை.

அதற்கு முன், தெருமுனையில் இரண்டு முறை குட்டியாக ஹாரன் அடித்தார். வீட்டில் யாரும் இல்லை. மூன்று பேரும் வண்டிக்குள்தான் இருந்தோம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு வண்டி போய்விட்டது. அப்பா கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையை மட்டும் கழற்றிக்கொண்டார். இரும்புக்காரர் சாவியை வாங்கி ஸ்டார்ட் போட்டதும், "அண்ணே, அதுல க்ரூஸ் ஓடும்" என்றார் அப்பா. அவருக்குப் புரியவில்லை, தலையாட்டினார். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது.

பதினொரு மணிக்கு சர்வீஸ் சென்டரில் ஸ்டீயரிங் விளக்கோடு ஒரு கார் வந்தது. "டெய்சியக் கூப்பிடு." போனேன். வழக்கமாகக் கதவைச் சாத்திக்கொள்வேன். இன்று சாத்தவில்லை. கனி பாயையும் மற்ற இரண்டு பேரையும் பக்கத்தில் வரச் சொன்னேன். செய்து காட்டினேன். பிறகு சுவரில் உள்ள போர்டில் மார்க்கரால் ஆறு வரியாக எழுதினேன். இடது பக்கம் முழுக்க, வலது பக்கம் முழுக்க, சாவியை எடு, நாற்பது எண்ணு, மறுபடி போடு, நேராக வை.

பாய் படித்துவிட்டு என்னையே பார்த்தார். "என்னம்மா ஆச்சு ஒனக்கு?"

தயாளன் சார் டீ டம்ளரோடு வந்தார். போர்டைப் படித்தார். "அட, இவ்வளவுதானா? அப்ப இனி உன்ன எதுக்கு உள்ள கூப்பிடணும்?"

மேஜைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது வலது கால் மேஜைக்கடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. கையால் அழுத்திப் பிடித்தேன். நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

முதல் பக்கத்தைத் திருப்பி, காலியாக விட்ட கட்டத்தை நிரப்பிவிட்டேன்.

காரணம்: சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.